வாசலில் நிற்பது யார்? இரண்டு இயங்குதளக் கணினியின் கதை

பெட்டியைப் பூட்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கணினிக்குத் தினமும் இதே சிக்கல்தான். வன்தட்டில் இருக்கும் நிரல்களைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவது இயங்குதளத்தின் வேலை. ஆனால் அந்த இயங்குதளமே வன்தட்டில்தானே கிடக்கிறது! அப்படியானால் அதை யார் ஏற்றுவது?

இதற்கு ஒரு பழைய விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. லிவர்மோரில் 1952இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இன்று லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் என்று அழைக்கப்படுவது அதுதான். அங்கே 1953இல் யூனிவாக் வந்தது, அடுத்த ஆண்டு ஐபிஎம் 701. இந்த 701இல் 'லோடு' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ 36 பிட் அளவுள்ள ஒரே ஒரு சொல் மட்டும் நினைவகத்துக்குள் வரும். அந்தச் சொல்லில் இருக்கும் கட்டளை இன்னும் கொஞ்சம் படிக்கச் சொல்லும். அப்படிப் படித்தது இன்னும் நிறையப் படிக்கச் சொல்லும். ஒருவன் தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது போல என்று வேடிக்கையாகச் சொல்லப்போய், அதிலிருந்து 'பூட்' என்ற சொல் வந்தது. எழுபது ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை: சின்னது பெரியதை எழுப்பும்.

வீட்டுக் கணினிகளில் அந்தச் 'சின்னது' எவ்வளவு சின்னது தெரியுமா? 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தது. அந்தத் தட்டின் முதல் 512 பைட்டுகளை வாசலாக ஒதுக்கினார்கள். அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகள் தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு. ஒரு பகுதிக்கு 16 பைட், மொத்தம் நான்கு பகுதிகள். கடைசி இரண்டு பைட்டுகள் ஓர் அடையாளம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியைக்கூட அந்த 446 பைட்டுக்குள் அடக்க முடியாது.

வீட்டில் ஓர் இயங்குதளம் மட்டும் குடியிருந்தவரை தொல்லையில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பிறகு, ஒரே கணினியில் இரண்டும் வேண்டும் என்று பலர் ஆசைப்பட்டார்கள். வீட்டுக்குள் நான்கு அறைகள் போடலாம், ஆனால் வாசல் ஒன்றுதான். வாசலில் நிற்கும் நிரல் யாருடையதோ அவர் மற்றவருக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும். லினக்ஸ் பக்கத்து நிரல்கள் 'எந்த இயங்குதளம் வேண்டும்?' என்று பட்டியல் காட்டிக் கேட்டன. விண்டோஸோ, தன்னை நிறுவும்போது கேட்காமல் கொள்ளாமல் தன் நிரலை வாசலில் எழுதிவிடும். அந்தக் காலத்தில் இரட்டை இயங்குதளக் கணினிகளில் வந்த தொடக்கச் சிக்கல்களில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

லினக்ஸின் முதல் புகழ்பெற்ற வாயிற்காவலன் லைலோ, 1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த பழைய நிரல் அது. எழும்போது எல், ஐ, எல், ஓ என்று தன் பெயரை எழுத்தெழுத்தாகத் திரையில் அச்சிடும். நான்கும் வந்தால் நலம். இரண்டு எழுத்தோடு நின்றால் முதல் படி ஏறிவிட்டது, இரண்டாவது படியில் இடறிவிட்டது என்று பொருள். மருத்துவர் நாடி பார்ப்பது போல எழுத்தை எண்ணியே நோயைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் லைலோவுக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியாது. தட்டில் எந்த இடத்தில் லினக்ஸ் இருக்கிறது என்ற எண்களை மட்டும் குறித்து வைத்திருக்கும். லினக்ஸைப் புதுப்பித்துவிட்டு லைலோவிடம் சொல்ல மறந்தால், அது காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், கோப்புகளைப் பெயர் சொல்லித் தேடக் கற்றுக்கொண்டது. இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அதன் வழிவந்ததுதான் நிற்கிறது.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும்படி செய்யப்பட்டது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ், பாஸ் இரண்டுமே இருந்தன. வீட்டில் முதன்முதலாகக் கணினியைப் பார்த்த எத்தனையோ பிள்ளைகளுக்கு, பொத்தானை அழுத்தியதும் வந்த முதல் கேள்வியே 'இதா, அதா?' என்பதுதான்.

என் சித்தி மகளுக்கும் அப்படியொரு மடிக்கணினி கிடைத்தது. விண்டோஸில் வைரஸ் புகுந்துவிட்டது என்று கடையில் கொடுத்தாள். அவர்கள் விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டியலே வரவில்லை, நேராக விண்டோஸ். "எல்லாம் போச்சு அண்ணா" என்று ஸ்கைப்பில் அழுதாள். கல்லூரிக்காக அவள் எழுதிய சி நிரல்கள் அத்தனையும் பாஸ் பக்கத்தில் இருந்தன. நான் அப்போது பொறியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வன்தட்டின் பகுதிகளைப் பார்க்கச் சொன்னேன். பெயர் தெரியாத ஒரு பெரிய பகுதி அங்கேயே இருந்தது. போனது வாசலில் இருந்த 446 பைட்டுகள் மட்டும்தான்!

தோழியிடம் ஒரு பென்டிரைவ் வாங்கி, அதில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பினாள். பாஸ் இருந்த பகுதியை இணைத்து, கிரப்-இன்ஸ்டால் கட்டளையால் வாயிற்காவலனை மறுபடி நிறுத்தினாள். பாஸுக்குள் நுழைந்து அப்டேட்-கிரப் என்று கொடுத்ததும் விண்டோஸும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. எல்லாம் அவள் கையாலேயே. நான் இந்தப் பக்கம் நடுராத்திரியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இன்றைய கணினிகளில் அந்த ஒற்றை வாசல் இல்லை. யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில், தட்டில் ஒரு சிறு பகுதிக்குள் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனிக் கோப்புறை உண்டு. யார் முதலில் என்ற வரிசை கணினியின் பலகையிலேயே பதிந்திருக்கும். எனவே லினக்ஸ் காணாமல் போனால், பல சமயம் அமைப்புத் திரைக்குப் போய் வரிசையை மாற்றினாலே போதும். விண்டோஸ் 8 முதல் இருக்கும் 'விரைவுத் தொடக்கம்' வேறொரு தொல்லை. மூடியது போல் காட்டிவிட்டு விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் கெடலாம். இரண்டு இயங்குதளம் வைத்திருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 8 காலத்தில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பும் பரவலானது. கையெழுத்து சரிபார்க்கப்பட்ட நிரலை மட்டுமே வாசலுக்குள் விடும். 2020இல் கிரப் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் விதத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. ஓட்டையுள்ள பழைய நிரல்களை ஒவ்வொன்றாகத் தடைசெய்தால், அந்தப் பட்டியலை வைக்கப் பலகையில் இடம் போதாது. அதனால் 'இந்தத் தலைமுறைக்கு முந்தையவை உள்ளே வரக்கூடாது' என்று எண்ணால் தடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் புதுப்பிப்பில் அந்தத் தடையை அனுப்பியது. இரட்டை இயங்குதளக் கணினிகளுக்கு இது போகாது என்றுதான் அறிவித்திருந்தார்கள். ஆனால் சில கணினிகள் இரட்டை என்பதை அந்தப் புதுப்பிப்பு கண்டுகொள்ளவில்லை. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் 'ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது' என்ற செய்தியோடு கணினி அணைந்துபோனது.

வழி இருந்தது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யுடில் என்ற கருவியால் அந்தத் தடையை நீக்கி, ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டுப் பாதுகாப்பை மீண்டும் போட்டால் சரியானது. முழுத் தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்திலும் யாருடைய லினக்ஸ் கோப்புகளும் தட்டிலிருந்து அழியவில்லை.

நீங்கள் இப்படி ஏதாவது செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்க அமைப்பை மாற்றினால் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கக்கூடும். அந்தச் சாவியைத் தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். அதே கணினிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.