பெரியண்ணனும் சின்னண்ணனும்: தமிழ் மண்ணில் கிறித்தவத் துறவு

துறவு தமிழர்க்குப் புதிய சொல்லன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். சாத்தனார் ஒரு துறவியின் வரலாற்றைக் காப்பியமாக்கினார். அதியமான் ஆண்ட தகடூர் நாட்டிலும் பிற்காலத்தில் சமணப் பள்ளி விளங்கியதைத் தருமபுரிக் கல்வெட்டு கூறும். இத்தகைய மண்ணில் கிறித்தவத் துறவு எவ்வடிவில் வேரூன்றியது என்பது எண்ணத்தக்கது.

கிறித்தவத் துறவின் தொட்டில் எகிப்தியப் பாலைநிலம். 3ஆம் நூற்றாண்டில் அந்தோனியார் உடைமைகளைத் துறந்து ஆங்கே தனிமை நாடினார். கீழைத் திருச்சபைகளின் துறவியர் பசிலியார் காட்டிய நெறியைப் போற்றினர். மேலைத் திருச்சபையில் 6ஆம் நூற்றாண்டின் பெனடிக்டு வகுத்த ஒழுங்கு பரவியது. வேண்டலும் உழைப்பும் இணைந்த கூட்டுவாழ்வு அது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தத் திருச்சபையினரோ துறவுச் சூளுரையை மறுத்தனர். அவர்தம் நாடுகளில் மடங்கள் பல மூடப்பட்டன.

துறவை மறுத்த அம்மரபினுள்ளிருந்தே தமிழகத்தில் ஓர் ஆசிரமம் எழுந்தது வியப்புக்குரியது. இண்டூரிலிருந்து தருமபுரி வழியே வடகிழக்கில் சென்றால் திருப்பத்தூரை அடையலாம். 1911 வரை தருமபுரியைப் போலவே சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. அங்கே 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. நிறுவியோர் இருவர்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர்கள், பிரித்தானியாவில் நண்பரானவர்கள்.

வெள்ளையர் ஆணையிட, இந்தியர் பணிந்தொழுகுவது அக்கால மறைத்தளங்களின் பொது வழக்கு. இவ்வழக்கை அவ்விருவரும் நூலெழுதி மட்டும் கண்டிக்கவில்லை, வாழ்ந்து மாற்றினர். கதர் உடுத்தனர், மரக்கறி உண்டனர், மணம் துறந்தனர், நோயுற்ற ஏழையர்க்கு மருத்துவம் செய்தனர். கோபுரத்துடன் திராவிடக் கட்டடக்கலை மரபில் வழிபாட்டில்லம் எழுப்பினர். ஏசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும் பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் மக்கள் அழைத்தனர். ஆள்வோர் இனத்தில் பிறந்தவர் இளையவராகவும், ஆளப்படுவோர் இனத்தவர் மூத்தவராகவும் நின்ற இம்முறைப்பெயர்களில் ஒரு புரட்சியே அடங்கியுள்ளது. அதற்கு விலையும் உண்டு. 1932இல் சென்னைத் தெருவில் கதராடையில் நின்ற பேட்டன் காவலரால் தாக்கப்பட்டார். அச்செய்தி பிரித்தானிய நாடாளுமன்றம் வரை எட்டியது.

கத்தோலிக்க மரபிலும் இத்தேடல் தொடர்ந்தது. 1950 மார்ச் 21, பெனடிக்டு திருநாளன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம் உருவாயிற்று. பிரான்சு நாட்டுக் குரு மொன்சானின், பெனடிக்டு சபைத் துறவி ஆன்றி லெ சோ ஆகிய இருவரும் காவியுடுத்தி அதனை நிறுவினர். லெ சோ அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் கொண்டு திருவண்ணாமலைக் குகைகளிலும் தவமிருந்தார். 1968இல் அங்கு வந்த ஆங்கிலேயத் துறவி பீடு கிரிபித்து 1993இல் மறையும்வரை அவ்வனத்தைப் பேணினார். அவரே முன்னர், 1958இல், கேரளத்துக் குரிசுமலையில் சிரியத் திருவழிபாட்டு முறையைத் தழுவிய ஆசிரமம் தோன்றத் துணைநின்றவர்.

காவியுடையைக் கண்ட கிறித்தவருள் சிலர் ஐயுற்றனர்; மதமாற்றத்திற்கான வேடமோ எனப் பிற சமயத்தார் சிலரும் ஐயுற்றனர். அவ்வையங்களைப் புறந்தள்ளல் தகாது. உடை மாற்றம் எளிது. உள்ள மாற்றமே அரிது. எனினும் திருப்பத்தூர் வரலாறு ஒரு விடை தருகிறது. பொருளைத் துறந்தோர் எல்லா நாட்டிலும் உளர். மணம் துறந்தோரும் பலர். தன் இனத்தின் மேன்மையைத் துறந்து, பிறன் ஒருவனை 'அண்ணன்' என ஏற்று வாழ்ந்தோர் மிகச் சிலரே. யான், எனது என்னும் செருக்கறுத்தலே துறவு எனக் கொண்ட தமிழ் மரபுக்கு அச்சின்னண்ணன் அயலாரல்லர்.