தம்புராவை விழுங்கிய செயலி

இன்று ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்.

2020 மார்ச் ஊரடங்கில் மயிலாப்பூர்ப் பாட்டு வகுப்புகள் செல்போனுக்குள் புகுந்தன. அந்த டிசம்பரில் மியூசிக் அகாடமி விழாவே இணையத்தில்தான் நடந்தது. அப்போது எங்கள் தெருவில் நான் அடிக்கடி கேட்டது, “சுருதி சேரலையே!” என்ற வசவு.

பல நேரம் குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. வீடியோ செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே சீராக ஒலிப்பதை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும். தம்புராவும் சீராகத்தானே ஒலிக்கிறது! சுருதியே கேட்காத பிள்ளை எதோடு சேர்ந்து பாடும்?

ஜூமில் இதற்கு ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதி உண்டு. அதைப் போட்டால் இரைச்சல் வடிகட்டல் நிற்கும். மாணவர் வீட்டிலேயே தனிப் போனில் சுருதி போடுவது இன்னும் எளிது. ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. குரு பாடி நிறுத்த, சிஷ்யர் திருப்பிப் பாட வேண்டும். நம் பழைய முறைதான் அது.

வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இன்றும் இப்படித்தான் கற்கிறார்கள். அவர்களைத் திட்டுமுன் செட்டிங்ஸைப் பாருங்கள்.