பழைய சுவர்கள், வாழும் தெருக்கள்



உரோமை நகரில் பாந்தியன் என்றொரு கட்டடம் உண்டு. பேரரசர் ஏட்ரியன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட கோவில் அது. 609-ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் போனிபாஸ் அதை அன்னை மரியாவுக்கும் மறைச்சாட்சிகளுக்கும் உரிய ஆலயமாக அர்ப்பணித்தார். அந்நகரின் எத்தனையோ பழைய மாளிகைகளின் கற்களைப் பிற்காலத்தவர் பெயர்த்து வேறு கட்டடங்களுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். பாந்தியனோ இன்றும் கூரையோடு நிற்கிறது. அதில் மக்கள் தொடர்ந்து கூடினார்கள். கூடுகிற இடம் ஒழுகினால் உடனே யாராவது கவனிப்பார்கள். பூட்டிக் கிடக்கும் இடம் ஒழுகினால் இடிந்த பிறகுதான் தெரியும்.

இந்த எளிய உண்மையை நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியின் வரலாற்றிலும் காண்கிறோம். 1761-ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். சேசு சபையார் எழுப்பிய ஆலயமும் அதில் அழிந்தது. இன்று சம்பா கோவில் என்று மக்கள் அழைக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் அதன்பின் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1748-இல், ஆலயத்தின் அருகில் இருந்த வேதபுரீஸ்வரர் கோவில் பிரெஞ்சு ஆட்சியாளரால் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த வேதனையைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கோவிலும் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. ஒரு கட்டடத்தை இடிக்கும்போது அதைச் சூழ்ந்து வாழ்ந்தவர்களின் நினைவும் சேர்ந்து இடிபடுகிறது என்பதை அந்த ஊர் இரு பக்கத்திலிருந்தும் அனுபவித்திருக்கிறது.

மீண்டும் எழுந்த நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கிழக்கே பிரெஞ்சுக்காரர், மேற்கே தமிழர். ஆனால் கொத்தனாரும் தச்சரும் வாய்க்காலைத் தாண்டி இரு பக்கமும் வேலை செய்தார்கள். அதனால்தான் மேற்கே ஓர் அழகிய வீட்டு வகை உருவானது. கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண்கள், முற்றம். மேல்மாடியில் பிரெஞ்சுப் பாணியில் வளைவுச் சன்னல்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலேயே இந்தக் கலப்பைக் காணலாம். திண்ணை வழிப்போக்கருக்கு நிழல் தந்தது. தெருவின் திண்ணைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

காலம் மாறியது. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன. ஒரு வீட்டுக்குப் பத்து வாரிசுகள், பழுது பார்க்க ஒருவரும் இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதே இலாபம் என்று தோன்றியது. அந்தச் சூழலில்தான் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை பழைய வீடுகளைக் கணக்கெடுத்துக் காக்க முனைந்தது. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் ஊர்பீனோ நகரமும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரமும் கைகோத்தன. வைசியாள் வீதியில் வரிசையாக வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, மறுபங்கை வீட்டுக்காரர் போட்டார். தம் பணமும் சேர்ந்ததால் அது அவர்களின் வேலையாகவே ஆனது. 2008-இல் அந்த வீதி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதுப் பட்டியலில் இடம் பெற்றது.

பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுத்ததும் அங்கே நடந்தது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரை அருகே ஒரு பழைய மாளிகையில் இயங்குகிறது. அங்கே பேணப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பாரதியார் வாழ்ந்த வீடும் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாகி, பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிற இடங்களாக இருக்கின்றன.

தவறவிட்டதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. கடற்கரைச் சாலையில் நகர்மன்றமாக இருந்த மேரி கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. பல ஆண்டுகள் பழுது பார்க்காமல் விடப்பட்ட அது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி, 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஓட்டையை அடைக்க ஆன செலவையும், முழுக் கட்டடத்தை மறுபடி எழுப்ப ஆன செலவையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது.

இன்னொரு கேள்வியையும் நாம் தவிர்க்கக் கூடாது. அழகாக்கிய தெருவில் யார் வாழ்கிறார்கள்? பழைய வீடுகள் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறும்போது வாடகை ஏறுகிறது. ஒற்றை அறையில் குடியிருந்த தையல்காரரும், இஸ்திரி போடுபவரும், கணவனை இழந்த பாட்டியும் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். அப்போது சுவர் மிஞ்சும், அண்டை அயலார் மிஞ்சமாட்டார்கள். விருந்தாளிக்கு ஓர் அறை ஒதுக்குவது நல்லது. அந்த வீட்டில் குடியிருந்தவருக்கும் ஓர் அறை இருக்க வேண்டும். பாதுகாப்பின் அளவுகோல் அதுதான்.

இது பெரிய நகரங்களுக்கு மட்டும் உரிய செய்தியா? நம் பங்குகளிலும் தாத்தா கட்டிய வீடு, மூடிய பள்ளிக்கூடம், பழைய மடம் இருக்கும். சில காரியங்களை நாமே செய்யலாம். மழைக்கு முன் மொட்டை மாடியின் தூம்புகளைத் துப்புரவு செய்வோம். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேர் இறங்குமுன் எடுப்போம். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சிமென்ட் பூச வேண்டாம். உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டு செங்கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஊரில் இருந்தால், அவரோடு ஓர் இளைஞரை வேலைக்கு அனுப்புவோம். அந்தக் கைப்பழக்கம் போய்விட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டிய கதவுகளைத் திறப்போம். காலியான ஒரு வகுப்பறை மாலையில் பிள்ளைகளின் படிப்பறையாகலாம், பெண்கள் குழுவின் தையல் கூடமாகலாம். வாரிசுகள் கூடி இடிப்பதற்குக் கையெழுத்திடும் முன், கட்டடம் அறிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து ஒருமுறை காட்டுங்கள். அங்கே குடியிருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.