கோப்பு அனுமதிச் சிக்கல், இயங்குதள மேம்பாட்டுக்குப் பின்

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின், பயனர் தம் சொந்தக் கோப்பையே திறக்கவோ திருத்தவோ முடியாமல் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி வரும் நிலை. கோப்புக்குப் பெரும்பாலும் எந்தச் சேதமும் இராது. அதில் பதிந்துள்ள உரிமைக் குறிப்பும் புதிய அமைப்பின் பயனர் கணக்கும் ஒத்துப்போகாததே வழக்கமான காரணம்.

தோற்றம். இன்றைய லினக்ஸ், மேக் கணினிகளின் அனுமதி முறை பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலிருந்து வந்தது. 1971 நவம்பரில் வெளியான முதல் பதிப்பின் கையேட்டில் உரிமையாளர், மற்றவர் என இரண்டே தரப்பு. மொத்தம் 6 பிட்டுகள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இரு தரப்புக்கும் தனித்தனி பிட். இயக்குவதற்குப் பொதுவாக ஒன்று. எஞ்சிய ஒன்றுதான் செட்யூஐடி. அந்த பிட் இருந்தால், இயக்குபவர் யாராயினும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். இந்த அருமையான எண்ணத்துக்கு ரிச்சி 1973இல் காப்புரிமை கோரினார், 1979இல் கிடைத்தது, பொதுப் பயனுக்கே விடப்பட்டது. 1975இன் ஆறாம் பதிப்பில் குழுவும் சேர்ந்து 9 பிட் முறை இருந்தது. 755, 644 என்று இன்றும் எழுதுவது அதைத்தான். முன்னோடியான மல்டிக்ஸின் அணுகல் பட்டியலைவிட இது எளிது, நிலைத்ததும் அதனால்தான்.

இம்முறையில் கோப்பு உரிமையாளரின் பெயரை வைத்திருப்பதில்லை, எண்ணை மட்டுமே வைத்திருக்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான்.

கண்டறிதலும் தீர்வும். எடுத்துக்காட்டாக, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் சாதாரணப் பயனர் எண் முன்பு 500இல் தொடங்கியது. 2011இல் வந்த 16ஆம் பதிப்பு அதை 1000 ஆக்கியது. வட்டின் பழைய ஹோம் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக நிறுவினால், கோப்புகள் 500 என்ற எண்ணுக்கே உரியவையாக இருக்கும், பயனரின் எண்ணோ 1000 ஆகிவிடும். 'எல்எஸ் -எல்' கட்டளை, உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் 500 என்று காட்டும். 'ஐடி' கட்டளை தற்போதைய எண்ணைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டபின், உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கட்டளையை அந்த ஹோம் அடைவுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுப்பது தீர்வே அல்ல. வட்டு முழுவதற்கும் அதைக் கொடுத்தால் நிர்வாக அதிகாரம் தரும் சூடோ நிரலின் செட்யூஐடி பிட் அழிந்து, அந்த வழி அடைபடும். எஸ்எஸ்எச் நிரலும் அனைவரும் படிக்கக்கூடிய தனிச் சாவியை ஏற்காது. பிட்டுகள் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு கோப்புகளில் இடும் முத்திரைகளைப் பார்க்க வேண்டும். 'ரீஸ்டோர்கான்' அவற்றைச் சீராக்கும்.

பிற தளங்கள். மேக்கில் நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்ட 'அனுமதிச் சீரமைப்பு' பயனர் கோப்புகளைத் தொடாத வெறும் சடங்கு. 2015இன் எல் கேப்பிட்டன் பதிப்பில் அது நீக்கப்பட்டது. விண்டோஸில் 'டேக்ஓன்', 'ஐகேக்ல்ஸ்' கட்டளைகள் பயன்படுகின்றன.