முக்காலே அரைக்கால் அங்குலமும் ஒரு மஞ்சள் தாளும்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து ஓய்வாக உட்காரும்போது படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். துண்டுத் துணிகளை முக்கோணமாக வெட்டி, இணைத்துத் தைக்கும் போர்வை. அங்கே அதைக் குவில்ட் என்கிறார்கள். கூடவே ஒரு கேள்வி: "டீச்சர், புத்தகத்துல மூணேமுக்காலே அரைக்கால் அங்குலச் சதுரம் வெட்டச் சொல்லியிருக்கு. எனக்குச் சரியாவே வர மாட்டேங்குது. நான் நாலு அங்குலமா வெட்டி, தைச்சப்புறம் ஓரத்தை நறுக்கிக்கறேன். இது ஏமாத்து வேலையா? அப்புறம், இந்த 7/8 எங்கேருந்து வந்துச்சு?"

அரைக்கால், முக்காலே அரைக்கால் என்று பின்னத்தை இன்னும் தமிழில் சொல்கிறாளே என்று எனக்கு மகிழ்ச்சி. ஆனால் "ஏமாத்து வேலையா" என்ற சொல் மனதில் தைத்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கணக்கு.

குவில்ட் தைப்பவர்கள் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விடுவார்கள். முடிந்தபின் 3 அங்குலம் இருக்க வேண்டிய சதுரத்துக்கு இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து அரை அங்குலம் கூட்டி, மூன்றரை வெட்டினால் போதும். முக்கோணத்துக்கு அது போதாது. சாய்ந்த பக்கத்துக்கும் கால் அங்குலம் விட வேண்டும். கூர்முனையில் அது இன்னும் நீண்டு போகும். அங்கேதான் நாம் படித்த வர்க்கமூலம் 2 வருகிறது. செங்கோண முனையில் 0.25. கூர்முனையில் 0.25, அத்துடன் 0.25 x 1.414, அதாவது 0.354. மூன்றையும் கூட்டினால் 0.854 அங்குலம்.

எந்த அளவுகோலிலும் 0.854 என்று கோடு கிடையாது. அதற்கு அடுத்துள்ள கோடு 7/8, அதாவது 0.875. ஆகவே "மிகச் சரியான அளவு" என்று புத்தகம் சொல்வதே உண்மையில் ஒரு நூல் அளவு பெரிதாக வெட்டியதுதான். விதியை எழுதியவர்களே கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். என் மாணவி அதை இன்னும் அரைக்கால் அங்குலம் கூட்டி முழு அங்குலம் ஆக்கினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்யும் முறை இது. இரண்டு நிறச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டமாகப் பென்சில் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டுவார்கள். பிரித்தால் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறமாக இரண்டு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். நாலு அங்குலமாக வெட்டியிருந்தால் ஏறக்குறைய 3.65 இருக்கும். அளவுகோலின் 45 பாகைக் கோட்டைத் தையல் மேல் பொருத்தி, இரண்டு பக்கம் நறுக்கி, திருப்பி வைத்து மற்ற இரண்டு பக்கமும் நறுக்கினால் கச்சிதமான மூன்றரை. தையல் சரியாக மூலையில் போய் முடியும். அது முக்கியம். மூலை தவறினால் நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும்.

ஏன் இவ்வளவு பாடு? நம் ஊர்த் தையல்காரரைக் கேளுங்கள், கிராஸாக வெட்டிய துணி இழுபடும் என்பார். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் கிராஸ்தான். இஸ்திரிப் பெட்டி பட்டாலே நெளியும். ஒரு கட்டத்தில் 1/16 அங்குலம், அதாவது ஒரு மாகாணி குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரிசையில் 20 கட்டம் என்றால் ஒன்றேகால் அங்குலம் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு அது சேராது.

இனி வரலாறு. அமெரிக்காவில் இந்தப் போர்வைகளைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்தார்கள். மாதிரிகள் ஒருவர் கை மாறி ஒருவருக்குப் போகும். 1889ல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய லேடீஸ் ஆர்ட் கம்பெனி தபாலில் மாதிரிகள் விற்றது. கான்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை மாதிரிகளை வெளியிட்டது. பெண்கள் அதைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி வெட்டி, அந்த அட்டையைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு முக்கோணமாக வெட்டினார்கள். அதாவது துல்லியம் முழுவதும் முதல் வெட்டிலேயே இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. 1929ல் பங்குச் சந்தை சரிந்தபின் வந்த பஞ்ச காலத்தில், கிராமத்துப் பெண்களுக்குத் துணி என்றால் பெரும்பாலும் மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்திச் சாக்குதான். பெண்கள் இப்படித் தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெனிகளே பூப்போட்ட சாக்கில் அடைத்து விற்றன. 100 பவுண்டு சாக்கைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமாகத் துணி கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 3 அங்குலக் கட்டம் 400 வைத்து, 60க்கு 60 அங்குலப் போர்வை ஒன்று. அதற்கு 400 சதுரம் வெட்ட வேண்டும். 3 7/8 அங்குலச் சதுரத்தின் பரப்பு ஏறக்குறைய 15 சதுர அங்குலம். 4 அங்குலச் சதுரம் 16. சதுரத்துக்கு ஒரு சதுர அங்குலம் வீதம் கூடுதல் சுமார் 400. 44 அங்குல அகலத் துணியில் அது கால் கெஜம். தவறு செய்யும் உரிமைக்கு மொத்த விலை கால் கெஜம் துணி!

கடையில் துணி வாங்குபவருக்கு அது ஒன்றுமே இல்லை. சாக்குத் துணியில் தைத்த தாய்க்கு அது ஒரு சாக்கில் ஏறக்குறைய கால் பங்கு. பிள்ளையின் சட்டைக் கைக்கு ஆகிற துணி.

பின்னால் எப்படி மாறியது? 1971ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளை ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தது. 1976ல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு வந்தது. இந்தக் கலைக்குப் புது மவுசு பிறந்தது. பார்பரா ஜோஹன்னா என்பவர் அந்த எழுபதுகளில் முக்கோணத்தை வெட்டித் தைக்காமல், துணியில் கட்டம் வரைந்து முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டும் முறையைப் பரப்பினார். கிராஸ் ஓரம் தனியாக நின்று இழுபடும் தொல்லை அதில் குறைந்தது. 1979ல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி உருளும் கத்தியைக் கொண்டுவந்தது. நம் வீட்டுச் சோமாசிக் கரண்டியின் சக்கரம் போல இருக்கும், ஆனால் பிளேடு. அதற்குத் தோதாகக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் அளவுகோல்களும் வந்தன. கத்தரிக்கோலால் 400 கட்டத்தை நாலு பக்கமும் நறுக்குவது யாராலும் ஆகாத வேலை. உருளும் கத்தியால் ஒரு கட்டத்துக்குச் சில நொடி. துணியும் கடையில் தாராளம். பெரிதாக வெட்டிப் பிறகு நறுக்கும் முறை அதன்பின்தான் எல்லோருக்கும் கைவந்தது.

இதை வைத்து, ஏழைகளுக்கு மிச்சம் விட்டுத் தைக்கவே தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். எதற்கும் ஆகாத நீளத் துணிக் கீற்றுகளைப் பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்துத் தைத்து, தாளின் ஓரத்தோடு நறுக்கிவிட்டு, தாளைக் கிழித்து எடுப்பார்கள். பெரிதாகத் தைத்து நறுக்குவதே அதுவும்.

அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பழைய வேலைச் சட்டை, கிழிந்த கால்சராய், இவற்றைக்கொண்டு அந்தப் பெண்கள் தைத்தார்கள். ஓரம் சேரவில்லை என்றால் இன்னொரு கீற்றை இணைத்துக்கொள்வார்கள். மாதிரியே அவர்களுக்காக வளைந்து கொடுக்கும். 1966ல் அந்த வட்டாரத்துப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பெரிய கடைகளுக்கு விற்க ஆரம்பித்ததும் அளவு பிசகாமல் தைக்க வேண்டியதாயிற்று. ஆனால் 2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு அதே விட்னியிலும் சுவரேறி உலகம் வியந்து பார்த்தவை அளவுகோல் வைக்காமல் தைத்த அந்தப் போர்வைகள்தான்.

ஆக, யாரும் முதல் வெட்டிலேயே பிசகாமல் வெட்டிவிடுவதில்லை. சிலருக்குத் துணி மிச்சம் இருக்கிறது. சிலருக்கு மாதிரி வளைந்து கொடுக்கிறது. இரண்டும் இல்லாதவர்தான் முதல் வெட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்.

இனி என் கதை. பல வருடங்களுக்கு முன், ஐந்தாம் வகுப்பில் கைவேலை வகுப்பு. எட்டு முக்கோணம் வெட்டி ஒட்டி நட்சத்திரம் செய்யச் சொன்னேன். வண்ணத்தாள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒரு பையன் ஒரே ஒரு மஞ்சள் தாள் கொண்டுவந்தான். மூன்றாவது முக்கோணம் சிறியதாகப் போய்விட்டது. தாள் முடிந்தது. "ஒரு தாளை ஒழுங்கா வெட்டத் தெரியலையா? அளந்து வெட்டுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. வெட்டிய துண்டுகளை அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை ஒரு பாக்கெட் தாள் கொண்டுவந்திருந்தது. மூன்று தாளை வீணடித்து, நாலாவதில் அழகாக வெட்டியது. அதைச் சுவரில் ஒட்டி, "பாருங்க, எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கு!" என்று பாராட்டினேன். குப்பைக்கூடையில் கிடந்த மூன்று தாளையும் நான் பார்த்தேன். பார்த்தும் அதை ஒரு தவறாக எண்ணவில்லை.

கணக்கு வகுப்பிலும் இப்படித்தானே செய்திருப்பேன்? ரஃப் நோட்டு வாங்க முடிந்த பிள்ளை அதில் பத்து முறை தப்புப் போட்டுப் பார்த்துவிட்டு, நல்ல நோட்டில் அழகாக எழுதும். ஒரே நோட்டு வைத்திருந்த பிள்ளை அதிலேயே அடித்து அடித்து எழுதும். சுத்தத்துக்கு மதிப்பெண் போட்டேனே, அதில் எத்தனை மதிப்பெண் கடையில் வாங்கிய தாளுக்குப் போட்டது?

என் மாணவிக்குப் பதில் எழுதிவிட்டேன்: "இதில் ஏமாத்து வேலை எதுவும் இல்லை கண்ணு. 7/8 வருகிற இடத்தில் 1 போட்டுக்கொள். சதுரத்தை நாலாக வெட்டும் முக்கோணத்துக்கு ஒன்றேகால் என்று இருக்கும், அதை ஒன்றரை ஆக்கு. நறுக்கிய துணுக்கை நினைத்து வருந்தாதே."

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு வேண்டுகோள். கைவேலைக்குத் தாள் கொண்டுவரச் சொல்லும் நாளில் உங்கள் மேஜையில் பத்துத் தாள் கூடுதலாக வைத்திருங்கள். யாருக்குத் தப்பானாலும் ஏன் என்று கேட்காமல் ஒன்று எடுத்துக் கொடுங்கள். நான் பார்த்தவரை, பத்துத் தாள் ஒரு டீயின் விலைகூட வராது.

அந்த மஞ்சள் தாள் பையன் இதைப் படிக்கிறானோ என்னவோ. படித்தால்: அன்று உன் கை சரியாகத்தான் இருந்தது அப்பா. இன்னொரு தாள் கொடுத்திருக்க வேண்டியது நான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.