ஒரு வரித் திருத்தம்



"பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸில் மரபுப்பொருளும் புரத உறையும் மட்டுமே உண்டு" என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன். அது முழு உண்மை அல்ல.

1917-இல் டெரெல் இவற்றுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயரிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் விஞ்ஞானிகள் பொதுவாக அப்படித்தான் எண்ணினார்கள். 1968-இல் எஸ்பெஹோ, கனேலோ இருவரும் சிலி நாட்டுக் கடல்நீரில் கிடைத்த பிஎம்2 என்ற வைரஸை ஆராய்ந்தார்கள். அதில் கொழுப்பு இருந்தது!

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? வைரஸ் அதைத் தானே தயாரிப்பதில்லை. பாக்டீரியாவின் உட்சவ்வில் தன் புரதங்களைப் பதிக்கிறது. அந்தச் சவ்வின் ஒரு துண்டைச் சுற்றிப் புரத ஓடு அமைகிறது. அடுத்தவர் வீட்டுச் செங்கல்லை உருவித் தன் வீட்டைக் கட்டுவதுபோலத்தான்! ஹெல்சிங்கியில் பாம்ஃபோர்டு குழுவினர் ஆராய்ந்த பிஆர்டி1 வைரஸில் முதலில் சவ்வோடு கூடிய வெற்று ஓடு உருவாகிறது. பிறகுதான் டிஎன்ஏ உள்ளே திணிக்கப்படுகிறது. அதன் நுண்ணமைப்பு 2004-இல் வெளியானது.

பிஎம்2 தாக்கும் பாக்டீரியாவின் பெயரில் எஸ்பெஹோவின் பெயரும் சேர்ந்துவிட்டது.

செல்வங்களே, நான் சொன்ன அந்த வரியில் "மட்டுமே" என்பதை அடித்துவிட்டு, "பெரும்பாலும்" என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள்.