பயர்பாக்ஸ்: பெயரும் சின்னமும்

பயர்பாக்ஸ், மொசில்லாவின் திறமூல இணைய உலாவி. அதன் நிரலை யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பெயரும் நரிச் சின்னமும் அப்படியல்ல. அவை மொசில்லா அறக்கட்டளையின் வணிகக்குறிகள். நிரல் எல்லோருக்கும் பொது, பெயர் ஒருவருக்கே உரியது என்ற இந்த ஏற்பாடு பல திறமூலத் திட்டங்களில் உண்டு. அது எதற்காக ஏற்பட்டது, எங்கே உரசல் தந்தது என்பதைப் பயர்பாக்ஸின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மூன்று பெயர்கள்

2002 செப்டம்பரில் முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்தபோது உலாவியின் பெயர் பீனிக்ஸ். பயாஸ் மென்பொருள் தயாரிக்கும் பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் அந்தப் பெயர் தன்னுடையது என்றது. 2003 ஏப்ரலில் பெயர் பயர்பேர்ட் என மாறியது.

அது இன்னும் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது. போர்லண்ட் நிறுவனம் 2000இல் இன்டர்பேஸ் தரவுத்தளத்தின் நிரலைத் திறந்துவிட்டிருந்தது. அதிலிருந்து பயர்பேர்ட் என்ற பெயரிலேயே ஒரு திறமூலத் தரவுத்தளம் வளர்ந்துகொண்டிருந்தது. தன்னார்வலர்கள் கட்டிக் காத்த பெயரைப் புகழ்பெற்ற திட்டமொன்று எடுத்துக்கொண்டதை அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களது கோபம் நியாயமானது. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத திட்டத்தைப் பயனர்கள் தேடிக் கண்டடைய அதன் பெயரை விட்டால் வேறு வழி கிடையாது.

2004 பிப்ரவரி 9 அன்று 0.8 பதிப்புடன் பயர்பாக்ஸ் என்ற பெயர் வந்தது. சிவப்பு பாண்டாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பெயர் அது. இம்முறை மொசில்லா, பெயரை அறிவிக்கும் முன்பே வணிகக்குறிப் பதிவுக்கான வேலைகளைத் தொடங்கிவிட்டது.

சின்னம்

புதிய பெயரோடு புதிய சின்னமும் வந்தது. மொசில்லா மென்பொருள்களின் தோற்றம் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதாக 2003இல் விமர்சித்து எழுதியவர் ஸ்டீவன் கேரிட்டி. மொசில்லா அவரையே அழைத்துக் காட்சி அடையாளப் பணியை ஒப்படைத்தது. டேனியல் பர்க்காவின் கருத்தையும் ஸ்டீபன் டெரோஷின் கோட்டுருவையும் அடிப்படையாகக் கொண்டு, நீல உருண்டையைச் சுற்றிய தீ வாலுடைய நரியை ஜான் ஹிக்ஸ் வரைந்தார். பெயர் பாண்டாவைச் சுட்டினாலும், ஓவியத்தில் இடம்பெற்றது நரிதான்.

2004 நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸில் வந்த இரண்டு பக்க விளம்பரத்தில், அதற்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் அச்சாயின. சின்னம் 2009, 2013, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நுண்ணிய ரோமங்களும் கண்டங்களின் வரைவும் படிப்படியாக மறைந்தன; ஆரஞ்சு வளைவும் உருண்டையும் மாறாமல் நின்றன.

டெபியனுடன் வந்த பிணக்கு

தரம் குறைந்த அல்லது தீம்பொருள் கலந்த நகல் ஒன்று பயர்பாக்ஸ் என்ற பெயரிலேயே பரவினால், பழி மூலத் திட்டத்தின் மீது விழும், ஏமாறுபவர் பயனர். இதைத் தடுப்பதே பெயர்க் காப்பின் நோக்கம். மொசில்லா பொது உரிமம் வணிகக்குறி உரிமை எதையும் வழங்குவதில்லை.

டெபியன் லினக்ஸ் வழங்கல், சின்னத்தின் பதிப்புரிமை விதிகள் தன் கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கு ஒவ்வாததால் சின்னத்தை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் பயன்படுத்தி வந்தது. பெயரையும் சின்னத்தையும் பிரிக்கக் கூடாது, செய்யும் திருத்தங்களுக்கு ஒப்புதல் பெற வேண்டும் என்று 2006இல் மொசில்லா வலியுறுத்தியது. டெபியன் உலாவிக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயர் சூட்டியது. மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டும் அங்கே ஐஸ்டவ் ஆனது.

பத்து ஆண்டுகள் இது நீடித்தது. பின்னர் சின்னத்தின் பதிப்புரிமைத் தடை விலகியது. டெபியன் செய்யும் திருத்தங்கள் உலாவியின் தரத்தைக் கெடுக்கவில்லை என்று மொசில்லாவும் ஏற்றது. 2016இல் பயர்பாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது.

இன்றைய நிலை

மாற்றம் செய்யாத பயர்பாக்ஸை அதே பெயரில் இலவசமாக வழங்கலாம்; மாற்றிய நகலுக்கு அந்தப் பெயரைச் சூட்ட மொசில்லாவின் அனுமதி தேவை. வாட்டர்பாக்ஸ், லிப்ரேவுல்ஃப், டோர் உலாவி ஆகியவை பயர்பாக்ஸ் நிரலிலிருந்து உருவானவை. மூன்றும் தத்தம் பெயரிலும் சின்னத்திலும் வெளிவருகின்றன.